அக்ரி படிப்பு: கடனையும் சம்பளத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கல்வி உதவி மனுக்கள் நம்மிடம் வரத் தொடங்கிவிடும். பி.எஸ்சி. அக்ரி படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு பணம் போட்டுப் படிக்க வைத்தால், கடனை அடைக்கும் அளவுக்குச் சம்பளம் வருமா?" கேட்க வேண்டிய கேள்விதான். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பி.எஸ்சி. தாவரவியல் மூன்று ஆண்டுப் படிப்பு. நம் சமுதாயக் கல்லூரிகளிலும் உண்டு. உதவிபெறும் பிரிவில் சேர்ந்தால் செலவு குறைவு. ஆனால் அதை மட்டும் முடித்தால் போதாது. மேலே எம்.எஸ்சி. அல்லது பி.எட். படித்தால்தான் ஆசிரியர் பணி போன்ற வழிகள் திறக்கும். பி.எஸ்சி. (ஹானர்ஸ்) அக்ரி, தோட்டக்கலை ஆகியவை நான்கு ஆண்டுத் தொழிற்படிப்புகள். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் நான்கு ஆண்டுப் பட்டத்தைத்தான் ஏற்கிறார்கள். தாவரவியல் படித்தவர் அந்தத் தேர்வை எழுத முடியாது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டால் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. அங்கே கட்டணம் தாங்கக்கூடியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. (நம் பிள்ளைகள் பலர் படிப்பது அரசு உதவிபெறும் பள்ளிகளில். அவை இந்த ஒதுக்கீட்டில் சேராது. பலருக்கும் இது கவுன்சலிங் நேரத்தில்தான் தெரிகிறது.) முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு தனி. அதற்குச் சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

சிக்கல் தனியார் கல்லூரியில்தான். ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 6 லட்சம் வங்கிக் கடன். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனி வட்டியாகவே கணக்கிட்டாலும் 2,10,000 சேர்ந்துவிடும். அப்போது கட்ட வேண்டியது 8,10,000. பத்து ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 10,700. மொத்தமாகக் கட்டுவது கிட்டத்தட்ட 12 லட்சத்து 84 ஆயிரம். வாங்கியதைப் போல் இரு மடங்குக்கும் மேல்!

வரவுப் பக்கம் வருவோம். டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண் அலுவலர் ஆனால் அடிப்படைச் சம்பளம் 37,700-இல் தொடங்குகிறது. வங்கிக் கள அலுவலருக்கு அடிப்படைச் சம்பளம் 48,480. ஆனால் எந்த மாநிலத்துக்கும் மாற்றலாகிப் போக வேண்டியிருக்கும். பெண் பிள்ளையை அனுப்புவோமா என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது. இந்த இரண்டு வேலையில் ஒன்று கிடைத்தால் மேலே சொன்ன தவணை பாரமில்லை. ஆனால் இடங்கள் குறைவு. பலர் போய்ச் சேருவது விதை, உரம், பூச்சிமருந்து கம்பெனிகளின் விற்பனைப் பிரிவில். அங்கே தொடக்கச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். மீதியில் வாடகையும் சாப்பாடும் போக உம்மாவுக்கு என்ன அனுப்ப முடியும்? ஆகவே கணக்கை அரசு வேலைச் சம்பளத்தில் போடாதீர்கள், கம்பெனிச் சம்பளத்தில் போடுங்கள்.

சொந்தத் தொழில் எண்ணம் உள்ள குடும்பத்துக்கு இந்தப் பட்டம் வேறு விதத்தில் கைகொடுக்கும். பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு இப்போது கல்வித் தகுதி கேட்கிறார்கள்; அக்ரி பட்டம் அதற்குச் செல்லும். கடை வைப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஆறு லட்சம் தேவையில்லை. வேதியியல் அல்லது தாவரவியலுடன் கூடிய பி.எஸ்சி. பட்டமும் அந்த உரிமத்துக்குப் போதும். இரண்டு ஆண்டு வேளாண் டிப்ளமோவும் இருக்கிறது. உதவி வேளாண் அலுவலர் பணிக்கு அதுதான் தகுதி.

வட்டி விஷயம் நம் வீடுகளில் பெரிய தயக்கம். அதன் மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். அது நாம் சொல்லும் இடமல்ல. நடைமுறையில் தெரிந்ததைச் சொல்கிறோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் அங்கீகாரமும் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியையும் அதற்கடுத்த ஓராண்டு வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அது கிடைத்தால் மேலே சொன்ன கணக்கில் 2,10,000 கழிந்து, தவணை சுமார் 7,930 ஆகக் குறையும். அதன் பிறகு ஓடும் வட்டி மாணவர் பொறுப்பு. டாம்கோவின் சிறுபான்மையினர் கல்விக் கடனில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வட்டி 3 சதவீதம். வட்டியே வேண்டாம் என்போர் ஜமாஅத் பைத்துல்மால், உறவினர் ஆகியோரிடம் கர்ழன் ஹஸனாவாகக் கேட்கலாம். முழுத் தொகையும் ஓரிடத்தில் கிடைப்பது அரிது. ஆண்டுக்கு ஒருவர் என்று நான்கு பேரிடம் பேசி, எழுதி, சாட்சி வைத்து வாங்கினால் நடக்கும்.

அட்வான்ஸ் கட்டுமுன் கல்லூரியில் மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: ஐ.சி.ஏ.ஆர். அங்கீகாரக் கடிதம் (இல்லாவிட்டால் பின்னர் முதுகலைச் சேர்க்கையில் தடை வரலாம்), விடுதி உட்பட நான்கு ஆண்டுக்கான முழுக் கட்டண விவரம், சென்ற ஆண்டு முடித்த மாணவர்கள் இருவரின் தொலைபேசி எண். மூன்றாவதைத் தரத் தயங்கினால் அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளிப் போட்டு, அந்த ஊரில் விசாரியுங்கள். கட்டண விவரத்தோடு வந்தால் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்க நாமும் உட்காருகிறோம், இன்ஷா அல்லாஹ்.