நீண்ட பயணத்தில் மோட்டார்ஹோம்: பூச்சி, கல் அடியிலிருந்து வண்டியைக் காப்பது எப்படி?

சிலிம் ரிவர் – தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் வேனிலும் எம்பிவியிலும் கிளம்பிவிடுவது வழக்கம். அந்த வரிசையில் இப்போது மோட்டார்ஹோமும் சேர்ந்துகொண்டது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வீட்டு வண்டி அது. சிலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். சிலர் பழைய வேனை வாங்கி மாற்றி அமைக்கிறார்கள். தங்கும் விடுதிச் செலவு மிச்சம். வயதானவர்கள் நினைத்த நேரத்தில் படுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சில நூறு கிலோமீட்டர் ஓடித் திரும்பிய பிறகு அந்த வண்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். பூச்சிகள் அப்பிக் காய்ந்திருக்கும். பெயிண்டில் கல் பட்ட வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். சில நேரம் கண்ணாடியில் நட்சத்திரம்போல ஒரு தெறிப்பும் இருக்கும். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. மழை இரவில் பூச்சி அப்பிய கண்ணாடி வழியே எதிர் விளக்கு பட்டால், ஓட்டுநருக்குச் சில வினாடிகள் சாலையே தெரியாது. உள்ளே குடும்பமே உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

ஏன் மோட்டார்ஹோமுக்கு அடி அதிகம்?

காரின் மூக்கு சரிவானது. காற்று அதன் மேல் வழுக்கிப் போகும்போது சிறு பூச்சிகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். மோட்டார்ஹோமின் முகம் சுவர்போல நிமிர்ந்தது. ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை வைத்த வண்டி என்றால் அந்தச் சுவர் இன்னும் உயரம். காற்றோடு வருவதெல்லாம் நேராக அதில் மோதும். காரின் பானட்டில் வைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு, மூக்கு நீண்ட வண்டிக்குத்தான் ஓரளவு உதவும். தட்டை முக வேனுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

ஈசல் பருவமும் பெருநாளும்

குளூனி, கெலாப்பா பாலி போன்ற தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஈசலைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை விட்ட மாலையில் விளக்கை அணைப்பதும், விளக்கின் கீழ் தண்ணீர்ப் பாத்திரம் வைப்பதும் வீட்டுப் பழக்கம். புற்றிலிருந்து கிளம்பும் கறையான்கள்தான் ஈசல். காற்று அடங்கிய, ஈரமான மாலை நேரத்தில் அவை கூட்டமாகப் பறந்து வெளிச்சத்தை நோக்கி வரும்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மழை அதிகம். தீபாவளி வருவது இந்த இரண்டாவது காலத்தில்தான். ஆக, நாம் அதிகமாகப் பயணம் செய்யும் நேரமும் பூச்சி அதிகமாகப் பறக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. கெடா பக்கம் போகிறவர்களுக்கு வயல்வெளிப் பூச்சிகளும் சேர்ந்துகொள்ளும்.

எனவே முதல் தற்காப்புக்குச் செலவே இல்லை. மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால், பொழுது சாயும் நேரத்தில் சாலையில் இருக்க வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள். முடியாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை ஓய்வுத் தளத்தில் கழித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

பூச்சி பெயிண்டை என்ன செய்கிறது?

வேகத்தில் மோதும் பூச்சியின் உடல் நீர் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் சூடேறிய தகட்டில் அது காய்ந்து, அழுகி, அமிலத்தன்மை அடையும். பெயிண்டின் மேல் இருக்கும் பளபளப்பான பூச்சு நம் தலைமுடியின் தடிமன்கூட இல்லாதது. அதை அந்த அமிலம் அரித்துத் தழும்பாக்கிவிடும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மே மாதத்திலும் செப்டம்பரிலும் ‘லவ்பக்’ என்ற பூச்சி நெடுஞ்சாலைகளில் மேகம்போலப் பறக்கும். ஒரே நாளில் கழுவிவிட வேண்டும் என்பது அங்குள்ள ஓட்டுநர்களின் பாடம். நம் ஊர் வெயிலுக்கும் அது பொருந்தும்.

கழுவும் முறைதான் முக்கியம்:

• தகடு சூடாக இருக்கும்போது கழுவ வேண்டாம். நிழலில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

• ஈரத் துணியைப் பூச்சி காய்ந்த இடத்தின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம் போட்டு ஊறவிடுங்கள். பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மென்மையான துணியால் துடையுங்கள்.

• பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் வேண்டவே வேண்டாம். பூச்சி போகும், கூடவே பளபளப்பும் போகும்.

• மோட்டார்ஹோமின் பக்கவாட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே, தின்னர், பெட்ரோல் எதுவும் அதில் படக்கூடாது. மயிரிழை விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

• காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாதீர்கள். பூச்சி முழுக் கண்ணாடிக்கும் இழுபட்டுப் பரவும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், பிறகு வைப்பர். வைப்பர் தொட்டியில் வெறும் தண்ணீருக்குப் பதில் கண்ணாடி கழுவும் திரவம் கலந்திருப்பது நல்லது.

பயணத்துக்கு முந்தைய நாள் முன்பக்கத்துக்கு மட்டும் நன்றாக மெழுகு போட்டுவிட்டால், கழுவும் வேலை பாதியாகக் குறையும்.

ரேடியேட்டருக்கு வலை போடலாமா?

போடலாம், ஆனால் கவனம் தேவை. பூச்சிகளும் சருகுகளும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைத்தால் இன்ஜின் சூடேறும். ஏர்கோன் குளிர்ச்சியும் குறையும். அதற்காகச் சிலர் கொசுவலையை வெட்டிக் கட்டுகிறார்கள். கண் அவ்வளவு சிறியதாக இருந்தால் காற்றே உள்ளே போகாது. அகன்ற கண் உள்ள கம்பி வலைதான் சரி. பாரம் ஏற்றிய மோட்டார்ஹோம் தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போதும், ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதை நோக்கி மேடு ஏறும்போதும் வெப்பமானியின் மீது ஒரு கண் இருக்கட்டும். முள் ஏறினால் வலையைக் கழற்றிவிடுங்கள்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்யும்போது உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயை அருகில் பிடிக்காதீர்கள். மெல்லிய தகடுகள் வளைந்து அடைத்துக்கொள்ளும்.

கல் எங்கிருந்து வருகிறது?

மணல், கல் ஏற்றும் லோரிகள், செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள், நெடுஞ்சாலையில் பிய்ந்து கிடக்கும் லோரி டயர்த் துண்டுகள். இவைதான் பெரும்பாலும். தோட்டத்து மண் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் வண்டிகளும் டயரில் கல்லைக் கொண்டுவரும்.

நம் வண்டியும் அதில் சேர்த்திதான். பின்பக்கம் இரட்டை டயர் உள்ள மோட்டார்ஹோமில், இரண்டு டயருக்கும் நடுவே கல் சிக்கிக்கொள்ளும். அது டயரையும் வெட்டும். வேகம் எடுத்ததும் பின்னால் வருபவரின் கண்ணாடியிலும் போய் அடிக்கும். மண் சாலையை விட்டு வந்ததும் இறங்கிப் பார்த்துத் தட்டி எடுத்துவிடுங்கள். சேறு தடுக்கும் ரப்பர் மடிப்புகள் கிழியாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். வண்டியின் அடியில் தொங்கும் தண்ணீர்த் தொட்டிக் குழாய், வால்வு, வயர்கள் ஆகியவற்றைக் காப்பதும் அவைதான்.

வேகமும் இடைவெளியும்

கல்லுக்கு எதிராக எந்தப் பூச்சும் ஸ்டிக்கரும் தருவதைவிட அதிகப் பாதுகாப்பு தருவது வேகக் குறைப்பு. சாலையில் கிடந்து எகிறும் ஒரு கல் 90 கிலோமீட்டர் வேகத்தில் கொடுக்கும் அடியைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடியை 110 கிலோமீட்டரில் கொடுக்கும்.

அடுத்தது இடைவெளி. 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. முன்னால் போகும் லோரி ஒரு கம்பத்தைக் கடந்த பிறகு நான்கு வினாடி கழித்து நீங்கள் அதைக் கடந்தால், நடுவே 100 மீட்டர் இருக்கிறது என்று பொருள். கல் லோரியின் பின்னால் அந்த இடைவெளியே நல்லது. லோரி எகிறவிட்ட கல் அதற்குள் தரைக்கு வந்துவிடும். சாலையில் கிடப்பதைப் பார்த்து விலகவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

டயர்த் துண்டு திடீரென்று தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சடாரென்று திருப்பாதீர்கள். உயரமான மோட்டார்ஹோம் கவிழ்வது அப்படித்தான். நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். அதை எடுத்துப் போட நெடுஞ்சாலையில் இறங்கவே கூடாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திய பிறகு, பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 எண்ணுக்கு அழைத்து எந்தக் கிலோமீட்டர் என்று சொல்லுங்கள்.

கண்ணாடியில் தெறிப்பு விழுந்தால்

முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டாலும் பொலபொலவென்று உதிர்வதில்லை. ஆனால் சிறு தெறிப்பு நீள விரிசலாக மாற நம் ஊர் வெப்பம் போதும். வெளியே கொதிக்கும் வெயில், உள்ளே கண்ணாடி மேல் நேராக அடிக்கும் ஏர்கோன், வழியில் இரண்டு வேகத்தடை. விரிசல் ஓடிவிடும்.

உடனே செய்ய வேண்டியது: தெறிப்பின் மேல் ஒளி ஊடுருவும் செல்லோடேப் ஒட்டி, தண்ணீரும் தூசியும் புகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். 50 சென் காசுக்குள் அடங்கும் தெறிப்பைக் கண்ணாடிப் பட்டறையில் பசை செலுத்திச் சரிசெய்துவிடலாம். ஓட்டுநரின் பார்வைக்கு நேராகவோ கண்ணாடியின் ஓரத்திலோ விழுந்தால் மாற்றுவதே நல்லது.

காப்புறுதியில் கவனிக்க வேண்டியது

முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், கண்ணாடியும் அதில் அடங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முன்கண்ணாடிக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வழக்கமாகக் கண்ணாடிக்கு நீங்கள் குறிக்கும் தொகையில் 15 விழுக்காடு கட்டணம். 2,000 ரிங்கிட்டுக்கு எடுத்தால் 300 ரிங்கிட். இந்தப் பிரிவில் இழப்பீடு கேட்டால் உங்கள் என்சிடி கழிவு குறையாது. தனியார் காருக்கு அது 55 விழுக்காடு வரை போகும் என்பதால் இது பெரிய சலுகை.

இரண்டு விஷயங்களை முகவரிடம் கேட்டு வையுங்கள். மோட்டார்ஹோமின் கண்ணாடி பெரியது. சிலவற்றுக்கு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். எனவே பட்டறையில் உண்மை விலை கேட்டு, டின்டட் செலவையும் சேர்த்துத் தொகையைக் குறியுங்கள். ஒருமுறை இழப்பீடு பெற்றுவிட்டால் அந்தப் பிரிவு முடிந்துவிடும். மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

உள்ளே வரும் பூச்சி

குளிர்பெட்டி, அடுப்பு ஆகியவற்றின் காற்றுத் துளைகளில் குளவி மண்கூடு கட்டும். சிலந்தி வலை பின்னும். கேஸ் சரியாக எரியாமல் நச்சுப்புகை வர இது வழி செய்யும். வண்டி மாதக்கணக்கில் நின்றிருந்தால் கிளம்பும் முன் இந்தத் துளைகளைப் பாருங்கள். துருப்பிடிக்காத கம்பி வலை பொருத்தலாம். ஆனால் பூச்சி வருகிறது என்று எந்தத் துளையையும் துணியாலோ டேப்பாலோ அடைத்துவிடாதீர்கள். கேஸ் தோம்பு வைக்கும் பெட்டியின் அடித்தளத் துளை மிக முக்கியம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தத் துளையை அடைப்பது உயிருக்கு ஆபத்து.

எதற்கு முதலில் செலவு செய்வது?

கண்ணாடிக் காப்புறுதி, நல்ல வைப்பர் ரப்பர், சேறு தடுக்கும் மடிப்பு. இந்த மூன்றும் முதலில். அடுத்து மெழுகும் ரேடியேட்டர் வலையும். வசதி இருந்தால் மட்டும் பிபிஎஃப் எனப்படும் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஏட்டை, அடி அதிகம் படும் முன்விளிம்பிலும் பக்கக் கண்ணாடிகளின் முதுகிலும் ஒட்டலாம். அது சிறு கல்லின் அடியைத் தாங்கும். செராமிக் பூச்சு பூச்சியைக் கழுவ எளிதாக்கும், கல்லைத் தடுக்காது. கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம். துணி உறை மாட்டுபவர்கள் அதன் அடியில் மணல் சிக்காமலும், மழைக்குப் பிறகு ஈரம் தங்காமலும் பார்க்க வேண்டும். இல்லையேல் உறையே பெயிண்டைத் தேய்த்துவிடும்.

வரும் பெருநாளுக்குக் கிளம்புகிறவர்கள், இரண்டு மென்துணி, ஒரு புட்டி கண்ணாடித் திரவம், ஒரு செல்லோடேப், ஒரு டார்ச் லைட் ஆகியவற்றை ஓட்டுநர் கதவுப் பையிலேயே வைத்துவிடுங்கள். ஒவ்வோர் ஓய்வுத் தளத்திலும் தேத்தண்ணீர் குடிக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி வந்து கண்ணாடியையும் டயரையும் பாருங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். டயருக்கிடையே சிக்கிய கல்லைச் சின்னக் கண்கள்தான் முதலில் கண்டுபிடிக்கும்.