விடியற்காலையும் பக்கவாதமும்

தணிக்கையின் பொருட்டு நாம் தாமலுக்குச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் குழித்தறி ஓசையின்றிக் கிடக்கக் கண்டோம். அறுபதைக் கடந்த அந்நெசவாளர் சென்ற ஆண்டு ஒருநாள் காலை 7 மணியளவில் தறியில் அமர்ந்திருக்கையில், இடக்கை தொய்ந்து, வாய் கோணி, பேச்சுக் குழறியதாம். சற்றுப் படுத்தால் சரியாகுமென்று வீட்டார் நண்பகல் வரை படுக்க வைத்துவிட்டனர். அக்கை இன்றும் நாடாவைப் பிடிக்கவில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதால் வரும் பக்கவாதம், காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே மிகுதியாக நேர்வதைப் பல நாட்டு வைத்தியர்கள் கண்டுள்ளனர். இதற்கு நம் உடலுக்குள் ஓடும் கடிகாரமும் ஒரு காரணம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இக்கடிகாரத்தைச் சமணர் மலைக் குகை வௌவால்களிடம் ஆராய்ந்தவர். பின்னர், பொழுது தெரியாத தனியறையில் தங்க முன்வந்த மனிதரிடமும் ஆராய்ந்தார். அது உயிரணுக்களில் இயங்கும் விதத்தைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

விழித்தெழும் வேளையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இளமையில் குழாய்கள் இதைத் தாங்கும். முதுமையில் அவை விறைத்துவிடுகின்றன. கடிகாரமும் தளர்ந்து, இரவுத் தூக்கம் துண்டுபடுகிறது. மாத்திரையை இரவில் விழுங்கினால் காலை ஆபத்து நீங்குமோ என்று சிலர் கேட்கின்றனர். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவின்படி, எவ்வேளையில் உண்டாலும் பலன் ஒன்றே. நாள் தவறாமல் உண்பதுதான் முக்கியம்.

இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, நோய் தொடங்கி 4½ மணி நேரத்திற்குள் இட்டால்தான் பெரும்பாலும் பயன்படும். மூளையில் இரத்தக்கசிவு இல்லையென ஸ்கேன் மூலம் அறிந்த பின்பே அதை இடுவர். ஆகவே அறிகுறி கண்டதும் 108-ஐ அழைத்து, மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். உறங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

தேறுதல் முதல் சில மாதங்களில் விரைவாயிருக்கும். முதியோருக்குச் சற்று மெதுவாகும். பகலில் வெளிச்சமும் பயிற்சியும், இரவில் இருளும் உறக்கமும் கடிகாரத்தைச் சீராக்க உதவும். பகலெல்லாம் இருட்டறையில் கிடத்துவது தகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியை வீட்டிற்கே வந்து அளிக்கின்றனர்.

தாமல் நெசவாளரை இப்போது காலைதோறும் திண்ணையில் அமர்த்துகின்றனர். பாவு பிணைக்கும் மகனுக்கு, குழறிய சொல்லிலேயே இழைக் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார்.