தோட்டாக் கோதும் உருக்கு அச்சும்

துவக்கு வெடித்தபின் எஞ்சும் பித்தளைக் கோது பயனற்ற பொருளென்றே நம்மிற் பலர் எண்ணுவர். ஐக்கிய அமெரிக்காவிலோ அதனை எடுத்துத் துடைத்துப் பேணி, மீண்டும் மருந்தும் சன்னமும் இட்டுப் பயன்படுத்துவோர் பலர் உளர். 1870ஆம் ஆண்டுகளிற் பெருவெளிகளிலே காட்டெருமை வேட்டையாடியோர் தம் பாசறைகளிலேயே இதனைச் செய்தனர். அவ்வழக்கம் இன்றும் அங்கு குறிபார்த்துச் சுடும் போட்டியாளரிடத்தும் வேட்டைக்காரரிடத்தும் நிலவுகின்றது. இலங்கையிலே துவக்கும் வெடிமருந்தும் உரிமப் பத்திரத்துக்கு உட்பட்டவை. ஆதலால் இத்தொழிலை நாம் செய்வதற்காக இங்கு கூறவில்லை. அளவு என்பதன் அருமையை இதனினும் தெளிவாகக் காட்டும் தொழில்கள் சிலவே என்பதனாற் கூறுகின்றேன்.

மருந்து எரியும்போது எழும் வாயுவின் அழுத்தத்தாற் கோது விரிந்து, துவக்கின் அறைச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் சிறிது சுருங்குமாயினும் முன்னைய அளவுக்கு மீளாது. அதனைப் பழைய வடிவுக்குக் கொணர்வதற்கே 'டை' எனப்படும் உருக்கு அச்சு வேண்டும். கைப்பிடியால் இயங்கும் அழுத்துபொறியின் உச்சியிலே அச்சு திருகப்படும். கீழிருந்து எழும் தண்டின் தலையிலே கோதுதாங்கி இருக்கும். தாங்கி கோதின் அடிவிளிம்பைப் பற்றி அச்சினுள்ளே தள்ளும். பின்னர் வெளியே இழுக்கும்.

இவற்றைத் தெரிவு செய்வோர் முதலில் அறியவேண்டியது, எது பொதுவானது, எது தனிப்பட்டது என்பதாகும். அச்சின் வெளிப்புரி பெரும்பாலும் பொதுவானது: முக்கால் அரைக்கால் அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 14 புரிகளும் உடையது. ஆகவே ஒரு நிறுவனத்தின் அச்சு இன்னொரு நிறுவனத்தின் பொறியிலும் பொருந்தும். உள்வடிவமோ ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனியானது. 1906இல் அமெரிக்கப் படைக்கு வந்த 30-06 தோட்டாவையும், 1952இல் வெளிவந்த 308 வின்செஸ்ரர் தோட்டாவையும் நோக்குக. இரண்டும் ஒரே விட்டமுள்ள சன்னத்தைச் சுமப்பவை. இரண்டின் அடிவிளிம்பும் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர். ஆதலால் இரண்டுக்கும் ஒரே தாங்கி போதும். ஆயினும் முன்னதன் கோது 63 மில்லிமீற்றர் நீளம், பின்னது 51 மில்லிமீற்றர். எனவே அச்சுகள் வேறு வேறாகவே இருத்தல் வேண்டும். தாங்கியின் இலக்கத்தை நம்பியும் ஏமாறலாகாது. ஒரே 30-06 தோட்டாவுக்குரிய தாங்கி ஒரு நிறுவனத்தில் 3ஆம் இலக்கம், மற்றொன்றில் 2, வேறொன்றில் 1. அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்ப்பதே முறை.

கழுத்துச் சிறுத்த தோட்டாக்களுக்கு ஈரச்சுத் தொகுதி போதும்: ஒன்று கோதைச் சுருக்கும், மற்றது சன்னத்தைப் பொருத்தும். நேர்ச்சுவருள்ள கைத்துவக்குத் தோட்டாக்களுக்கு, வாயைச் சற்று விரிக்கும் மூன்றாம் அச்சும் வேண்டும். பின்னைய வகைக்கு தங்குதன் காபைட்டு வளையம் பதித்த அச்சு கிடைக்கும். அதற்கு மசகெண்ணெய் தேவையில்லை. விலை சற்றுக் கூடியது. மிகக் கடினமானதாயினும் நொறுங்கும் இயல்புடையது. கைதவறிக் கீழே விழுந்தால் வெடிப்புறக் கூடும்.

சாதாரண உருக்கு அச்சுக்கு மசகு இன்றியமையாதது. அது குறைந்தாற் கோது உள்ளே இறுகிவிடும். வலிந்து இழுத்தால் விளிம்பு பிய்ந்து, கோது அச்சினுள்ளேயே தங்கும். மிகுந்தாலோ, சிக்கிய எண்ணெய் கோதின் தோளிலே பள்ளம் விழச் செய்யும். அச்சின் பக்கத்திலுள்ள சிறு துவாரம் அடைபடாதிருத்தலும் வேண்டும். மணற்றுகள் ஒன்று உட்புகுந்தால் அச்சின் சுவரிலே கீறல் விழும். பின் வரும் கோதுகள் யாவும் அக்கீறலைச் சுமந்தே வரும். ஆதலாற் கோதுகளை முன்னரே துப்புரவு செய்தல் அவசியம். வேலை முடிந்ததும் அச்சைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமற்ற பெட்டியில் வைத்தல் வேண்டும். மீண்டும் எடுக்கும்போது அவ்வெண்ணெயை நீக்கிவிடுதலும் வேண்டும். அது மருந்திற் படிந்தாற் பழுதாக்கிவிடும்.

பழைய கேப்பை வெளியே தள்ளும் ஊசியைப் பற்றியும் ஒரு சொல். பிரித்தானியரான பொக்சரும் அமெரிக்கரான பேர்டனும் 1866இல் இருவகைக் கேப்புகளுக்குக் காப்புரிமை பெற்றனர். பொக்சர் முறையிற் கோதின் அடியில் நடுவே ஒரு துவாரம். பேர்டன் முறையிற் பெரும்பாலும் ஓரமாக இரு துவாரங்கள். விந்தை என்னவெனில், அமெரிக்கர் பிரித்தானியரின் முறையையே கைக்கொண்டனர். ஐரோப்பாவிலே அமெரிக்கரின் முறை பரவிற்று. பேர்டன் கோதைக் கவனியாது அச்சிலிட்டால் ஊசி வளையும், அல்லது முறியும்.

இனி யாவற்றினும் முக்கியமானது ஒன்று. தாங்கியிலே கோது அமரும் தளத்துக்கும் மேல்விளிம்புக்கும் இடையேயுள்ள உயரம் வழமையாக அரைக்கால் அங்குலம். அச்சு செய்வோர் இவ்வளவை மனத்திற் கொண்டே அச்சின் ஆழத்தை அமைக்கின்றனர். இறுக்கம் போதாதென்று எவரேனும் தாங்கியின் மேற்புறத்தை அராவினால், கோது அளவுக்கு மீறி உள்ளே சென்று அதன் தோள் பின்தள்ளப்படும். அத்தகைய கோது துவக்கின் அறையிலே இடைவெளியோடு கிடக்கும். வெடிக்கையில் அதன் முன்பாகம் சுவரைப் பற்றிக்கொள்ள, அடிப்பாகம் பின்னோக்கி இழுபடும். அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலியும். சில தடவைகளின் பின் வளையமாக அறுந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயவுங் கூடும். அராவியது மயிரிழை, அதற்கு விலையாகக் கண்ணையே கொடுக்க நேரிடலாம்.

வகுப்பறையிலே, "ஐயா, கொஞ்சந்தானே பிழைத்தது" என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. அப்போதெல்லாம் இந்த அரைக்கால் அங்குலத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். சிறிய அளவுகளை மதியாதவனைப் பெரிய அளவுகளும் மன்னிப்பதில்லை.