கையுறை மட்டும் காப்பாற்றாது

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களின் கைகளைத்தான் முதலில் கவனிப்பேன். நோயாளியைத் தொட்ட பிறகு எல்லாருமே கழுவிவிடுகிறார்கள். தொடுவதற்கு முன்புதான் விட்டுப்போகிறது. தன்னைக் காத்துக்கொள்ளும் பயம் இயல்பாக வருகிறது, நோயாளியைக் காக்கும் பழக்கம் பயிற்சியால்தான் வரும்.

ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போனால், கிருமியும் கூடவே போகும். கையுறையைக் கழற்றியதும் கையைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். விரல் நுனியும் கட்டைவிரலும்தான் அடிக்கடி தப்பிவிடும்.

நர்ஸ்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாஷ்பேசின் வார்டின் கோடியில் இருந்தால், நெரிசலான நேரத்தில் யார் ஓடுவார்கள்? கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் வையுங்கள். “சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?” என்று நோயாளிகளும் தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.