சி மொழியின் சுட்டிகள்: இடறிய இடமும் விழுந்த இடமும்

நான் வசிக்கும் நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் மர்ரே ஹில் வரும். அங்கிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில்தான் 1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். ஐம்பது வருடங்கள் தாண்டியும் லினக்ஸின் உட்கரு பெரும்பாலும் சி மொழியில்தான் இருக்கிறது. அதில் நிரல் எழுதுகிற எவரும் ஒருநாள் சுட்டியோடு, அதாவது பாயிண்ட்டரோடு மல்லுக்கட்டியே ஆகவேண்டும்.

சுட்டி என்பது வீடு அல்ல. விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். மல்லாக் என்று கேட்டால் மேனேஜர் ஓர் அறையை ஒதுக்கி, அதன் எண்ணைச் சீட்டில் எழுதித் தருகிறார். ஃப்ரீ என்றால் அறையைக் காலி செய்கிறோம். ஆனால் சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது! அதை நம்பி மறுபடி உள்ளே போனால் அங்கே வேறொருவர் குடியிருப்பார். காலி செய்யாமலே சீட்டைத் தொலைத்தால் அந்த அறை யாருக்கும் உதவாது. இதுதான் நினைவகக் கசிவு.

அளவுப் பிழை இன்னொரு ரகம். 'முருகன்' என்பது பார்வைக்கு நான்கு எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் அது 21 பைட். சொல் முடிந்தது என்று காட்டும் பூஜ்ஜியத்துக்கு இன்னொன்று, ஆக 22. நான்கோ இருபத்தொன்றோ கேட்டு வாங்கினால், எழுத்து பக்கத்து அறைக்குள் வழியும்.

வழிந்தவுடனே நிரல் விழுந்துவிட்டால் பரவாயில்லை. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பக்கத்து அறையின் சொந்தக்காரர் பத்து நிமிடம் கழித்து வந்து பார்க்கும்போதுதான் விழுகிறது. அதனால் எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: விழுந்த இடத்தைத் திருத்தாதே, இடறிய இடத்தைத் தேடு. அங்கே ஒரு 'நல்' சோதனையைச் சேர்த்து வாயை மூடினால் நோய் போகாது, அறிகுறிதான் மறையும்.

தேடுவதற்குக் கருவிகள் உண்டு. 2002 முதல் வால்கிரைண்ட் இருக்கிறது. ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலர்களிலும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்க்கலாம். காலி செய்த அறைக்குள் நுழைந்தால், நுழைந்தது எங்கே, அறையை வாங்கியது எங்கே, காலி செய்தது எங்கே என்று மூன்றையும் வரி எண்ணோடு சொல்லிவிடும். வால்கிரைண்ட் நூறு பிழைகளைக் கொட்டினாலும் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மற்றவற்றில் பல அதன் பிள்ளைகளாக இருக்கும்.

விழவே விழாத பிழைதான் எல்லாவற்றிலும் கொடியது. ஓப்பன் எஸ்எஸ்எல் நூலகத்தில் 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் அப்படி ஒன்று இருந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணினி சிறு செய்தி அனுப்பும். மறுமுனை அதையே திருப்பி அனுப்பும். செய்தியின் நீளத்தையும் அனுப்புகிறவரே சொல்வார். ஒரே ஒரு பைட் அனுப்பிவிட்டு, 'இது 65,535 பைட்' என்று சொன்னால்? நிரல் அதை அப்படியே நம்பி, பக்கத்து நினைவகத்திலிருந்த கடவுச்சொற்களையும் ரகசியச் சாவிகளையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. கூகிளின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த நீல் மேத்தாவும், தனியாக ஃபின்லாந்தின் கோடெனோமிகான் பொறியாளர்களும் இதைக் கண்டுபிடித்தார்கள். ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற இப்பிழை 2014 ஏப்ரல் 7 அன்று திருத்தப்பட்டது. அதற்குப் பிறகும், திருத்தம் போடுவதற்குள் கனடா வருமான வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவு போயின.

திருத்தத்தின் சாரம் மிக எளிது: சொன்ன நீளம், வந்த செய்திக்குள் அடங்குகிறதா என்று பார்; அடங்காவிட்டால் பேசாமல் தள்ளிவிடு.

சி மொழி விலாசத்தை மட்டும் தருகிறது. அறை எவ்வளவு பெரியது, யாருடையது, எதுவரை என்ற மூன்றையும் நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு மல்லாக்கின் பக்கத்திலும் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதிப் பாருங்கள். விடை வராத இடம்தான் இடறப்போகும் இடம்.