ரத்தம் நின்ற பிறகுதான் ஆபத்து

வீட்டுப் பெண் நாய் பருவத்துக்கு வரும் மூன்று வாரங்களில் அடுக்குமாடிவாசிகளின் கணக்கு தப்பும் இடம்

புனே விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில் அடுக்குமாடிகளுக்கும் நாய்களுக்கும் பஞ்சமில்லை. காம்பவுண்டுக்குள் வாரோடு நடக்கும் லாப்ரடார்கள், கேட்டுக்கு வெளியே செக்யூரிட்டியின் நாற்காலி ஓரம் படுத்திருக்கும் தெரு நாய்கள். சாதாரண நாட்களில் இரு தரப்பும் குரைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும். உள்ளே ஒரு பெண் நாய் பருவத்துக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. எந்தக் கட்டடம், எந்தப் படிக்கட்டு என்பதுவரை தெருவுக்கே தெரிந்துவிடும். மோப்பம் அப்படி.

பெண் பின்னால் அலைபவனைத் திட்ட மராத்தியில் 'பாத்ரபத மாதத்து நாய்' என்பார்கள், பிள்ளையார் சதுர்த்தி வரும் மாதம் அது. தமிழில் மார்கழி. மாதம்தான் வேறே தவிர, ஆண் நாயைத் திட்டுவதில் இரு மொழிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வீட்டு நாய் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பிறந்த ஆறாவது மாதத்திலிருந்து முதல் பருவம் வரலாம், பெரிய இனங்களில் ஒன்றரை வயது வரைகூடத் தள்ளிப்போகலாம். அதன் பிறகு சுமார் ஆறேழு மாதங்களுக்கு ஒருமுறை.

தப்புக் கணக்கு தொடங்குவது 'மாதவிலக்கு' என்ற சொல்லில். பெண்களுக்குக் கரு உண்டாகாதபோது ரத்தம் வெளியேறுகிறது. நாய்க்கோ கருமுட்டை வெளிவருவதற்கு முன்பே ரத்தம் வருகிறது. முதல் ஒன்பது நாள் அளவில் பிறப்புறுப்பு வீங்கும், தரையெல்லாம் துளிகள். ஆண் நாய்கள் சுற்றும், ஆனால் இது உறுமி விரட்டிவிடும். பிறகு ரத்தம் வெளிறி வைக்கோல் நிறமாகும். வாலை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு நிற்கும். 'அப்பாடா, முடிந்தது' என்று விரிப்புகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, பார்க்கிங்கில் நாயை அவிழ்த்துவிடுவது அந்த நாளில்தான். சுமார் 63 நாள் கழித்துக் குட்டிகள். ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்கள் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

நாட்கணக்கு நாய்க்கு நாய் மாறும். முதல் துளியைப் பார்த்த தேதியைக் காலண்டரில் குறித்து, நான்கு வாரம் வாரைக் கழற்றாமல் இருப்பதே பத்திரம். கடையில் கிடைக்கும் டயபர் தரையைக் காப்பாற்றும், நாயைக் காப்பாற்றாது. எல்லாம் மீறி இரண்டும் சேர்ந்துவிட்டால் கல்லெறிவது, இழுப்பது கூடாது. ஆண் உறுப்பின் அடிப்பகுதி வீங்கிப் பூட்டிக்கொள்வதால் பதினைந்து நிமிடமோ அரை மணியோ கழித்துத் தானாகத்தான் விலகும். இழுத்தால் இரண்டுக்கும் காயம். தெரு நாயிடமிருந்து புற்றுச் செல்களே தொற்றும் ஒருவகைக் கட்டியும் இப்படி வரலாம். வின்கிரிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் குணமாகிறது.

குடியிருப்புச் சங்கங்களின் கோபம் வேறு. கேட்டில் கூட்டம் சேர்ந்தால் நோட்டீஸ் வீட்டு நாய்க்குத்தான். வளர்ப்பு நாய்களைத் தடை செய்யச் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் சொல்லிவிட்டது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு நாயின் கருத்தடைக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்குகின்றன. தெரு நாய்க்கு உள்ளாட்சி அமைப்பு. இரண்டாவது பாதி நடக்காத இடத்தில் முதல் பாதிக்கு மட்டும் நோட்டீஸ் ஒட்டி என்ன பயன்?

'ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. பருவ காலத்தில் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வார்கள் கால்நடை மருத்துவர்கள். பருவத்தை நிறுத்த ஹார்மோன் ஊசி போடுவது சுலபம்போலத் தெரியும். ஆனால் கருப்பையில் சீழ் கோக்கும் அபாயத்தை அது கூட்டுகிறது.

இந்தச் சீழ் நோய் ஊசி போடாத நாய்க்கும் வரும், உயிரை வாங்கக்கூடியது. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருவதாக ஸ்வீடனின் காப்பீட்டுக் கணக்குகள் காட்டின. வருவதும் பருவம் முடிந்து, காலண்டர் குறிப்பை எல்லோரும் மறந்த பிறகு, இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள். சோர்வு, வாந்தி. சில நாய்களுக்குச் சீழ் வெளியே தெரியாது, தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாகும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.