பெடல் மெத்தென்று இறங்குகிறதா? லாரியை எடுக்காதீர்கள்!

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மேலேயிருந்து ஒரு பழைய சிறு லாரி இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி நிறைய வாழைத்தார், பலாப்பழம். முதல் இருபது வளைவு வரை பிரேக் நன்றாகப் பிடித்தது. அப்புறம் பெடல் மெத்தென்று ஆகிவிட்டது. பஞ்சு மூட்டையை மிதிப்பது போல் இருக்கிறது. அடுத்த வளைவில் பெடல் அடித்தட்டையே தொட்டுவிட்டது. லாரி நிற்கவில்லை!

டிரைவர் பதறவில்லை. பெடலை விட்டு விட்டு மிதித்தார். சின்ன கியருக்கு மாற்றினார். கை பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தார். மலைச் சுவரை ஒட்டி லாரி நின்றது. கிளீனர் குதித்து ஓடி டயருக்குக் கல் வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது! “சரியாப் போச்சு அண்ணே, போகலாம்” என்கிறார் கிளீனர்.

சரியாகவில்லை. சூடு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய்க்குள் தண்ணீர்

பெரிய லாரிகளில் காற்று பிரேக் இருக்கும். நாம் பேசுவது எண்ணெய் பிரேக் உள்ள பழைய சிறு லாரியைப் பற்றி. இதில் பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர், பிரேக் ஆயிலைக் குழாய் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளும். அங்கே பிரேக் ஷூ விரிந்து டிரம்மை அழுத்தும். சக்கரம் நிற்கும். எண்ணெய் அழுத்தினாலும் சுருங்காது. காற்றும் ஆவியும் சுருங்கிவிடும். குழாய்க்குள் அவை புகுந்தால், மிதிக்கும் பலமெல்லாம் அவற்றைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்லக் குடிக்கும். டாட்-3 என்ற வகை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூட்டுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. அதே ஆயிலில் நூற்றுக்கு நாலு பங்குகூட ஈரம் சேர வேண்டாம். 140 டிகிரியிலேயே கொதித்துவிடக் கூடும். மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி. ஆவி வந்தால் பெடல் பஞ்சு! ஆறினால் ஆவி மறைந்துவிடும். டிரைவர் ஏமாந்து போவது இங்கேதான்.

இதற்கு மருந்து பழைய ஆயிலை முழுவதும் மாற்றுவதுதான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. என்ஜின் ஆயிலை மட்டும் பிரேக்கில் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

கால் சொல்லும் சேதி

மலை ஏறாமலே பெடல் மெத்தென்று இருந்தால்? சமதளத்தில் லாரியை நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். என்ஜின் ஓடட்டும். ஸ்டார்ட் ஆனதும் பெடல் கொஞ்சம் இறங்கினால் பயப்பட வேண்டாம். காலுக்கு உதவி செய்யும் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்போது பெடலை மிதித்து, காலை எடுக்காமல் அப்படியே பிடியுங்கள். அறுபது எண்ணுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உள்பக்கத்தையும் குழாய் இணைப்புகளையும் தடவிப் பாருங்கள். எங்கும் ஈரமில்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை என்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கும்.

அடுத்து, விட்டு விட்டு நாலு முறை மிதியுங்கள். பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம், லைனிங் தேய்ந்திருக்கலாம். மேலே வந்தும் துள்ளினால், உள்ளே காற்று.

சில சமயம் குற்றவாளி ரப்பர் ஹோஸ். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பார்த்தால் அது பலூன் போல் உப்புவது தெரியும்.

“பம்ப் அடிச்சா பிடிக்குது, ஓட்டலாம்” என்று டீக்கடையில் யோசனை சொல்கிறவர்கள் உண்டு. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் பம்ப் அடிக்க நேரம் ஏது?

ஏர் எடுக்கும் வேலை

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலான லாரிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில்தான் தொடங்குவார்கள். நிப்பிளில் சிறு குழாயை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். கீழே படுத்திருக்கும் மெக்கானிக் “அமுக்கு!” என்பார். மேலே இருப்பவர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். நிப்பிளைத் தளர்த்தியதும் பாட்டிலில் குமிழ் வரும். நிப்பிளை இறுக்கிய பிறகே “விடு!” என்பார். முந்தி விட்டால், வெளியே போன காற்று மறுபடி உள்ளே வந்துவிடும்!

குமிழ் நிற்கும் வரை இதே வேலை. டப்பாவில் ஆயில் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டிலில் வடிந்த ஆயிலை மறுபடி ஊற்றக்கூடாது. லிட்டர் என்ன விலையானாலும் சரி.

நாலு சக்கரமும் முடிந்ததும் மறுபடி பெடலை மிதித்துப் பிடித்து அறுபது எண்ணுவார்கள். இறங்காமல் நின்றால், பட்டறை முற்றத்திலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்ப்பார்கள். அப்புறம் காலி லாரியாகத் தெருவில் ஒரு சுற்று. சுமை ஏற்றுவது அதன் பிறகுதான்.